சாந்தா ரெமீஹியாவில் கருங்குழி இல்லை

ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியை டாக்டர் அனிசேத்தோ கோதோய் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறையும் அதே பிழைதான் இருந்தது.

"கருங்குழி உண்மையிலேயே இருக்கிறதா? மலைமேல் வானியல் மையத்து டாக்டர் விளக்குகிறார். வியாழக்கிழமை மாலை, ஊர்ச் சங்க மண்டபம். எம்பனாதா உண்டு."

அவர் எழுதிக் கொடுத்தது கருந்துளை. விண்மீன் செத்து, தன் கனத்தாலேயே உள்ளுக்குள் நொறுங்கி, ஒளியைக்கூட வெளியே விடாமல் விழுங்கிவிடும் என்று உலகமே நம்புகிற கருந்துளை. அச்சாகி வந்ததோ கருங்குழி. சாந்தா ரெமீஹியாவில் கருங்குழி என்றால் ஒரே பொருள்தான். கொல்லைப்புறத்தில், கக்கூஸுக்கு அடியில் இருப்பது.

நேரே சங்கத் தலைவி நோல்பாவின் கடைக்குப் போனார்; ஊரார் மரியாதையாக அவளைத் தோன்யா என்பார்கள். அவள் எரிவாயு உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். ஊருக்கு யார் வந்தாலும், பாதிரியாரே வந்தாலும், அவளுக்கு எல்லாரும் கண்ணுதான்.

"தோன்யா, சுவரொட்டியில தப்பு வந்திருக்கு."

"எம்பனாதா உண்டுன்னு போட்டதா? அந்தக் கறியடைச்ச ரொட்டி இல்லேன்னா ஒரு நாயும் வராது கண்ணு. போன தடவை நாய் வந்துச்சு, ஒத்துக்கறேன். அதுவும் பாதியில எழுந்து போயிடுச்சு."

"துளைன்னு எழுதிக் குடுத்தேன். குழின்னு போட்டிருக்கீங்க."

"துளையா இருந்தா என்ன, குழியா இருந்தா என்ன. விழுந்தா விழுந்ததுதானே."

"ரெண்டும் ஒண்ணில்ல தோன்யா. நான் பேசப் போறது வானத்துல இருக்கறதைப் பத்தி. அதாவது, இருக்கறதா மத்தவங்க சொல்றதைப் பத்தி."

"மத்தவங்க சொல்றாங்க. நீங்க?"

"நான் இல்லைங்கறேன். முப்பது வருஷமா இல்லைங்கறேன்."

நோல்பா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"கருந்துளைன்னு ஒண்ணு நிஜத்துல கிடையாது. கணக்குல இருக்கு, காகிதத்துல இருக்கு, அவ்வளவுதான். நிஜத்துல யாரும் பார்த்ததில்ல."

"காகிதத்துல இருக்கு, நிஜத்துல இல்ல" என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். "எங்க விஷயம் இதுக்கு நேர் தலைகீழ் கண்ணு. ஆனா வியாழக்கிழமைக்கு உங்க பேச்சு எங்களுக்கு நல்லா உதவும்."

அந்த ஊரில் குழி என்பது சாதாரண விஷயமல்ல. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ரொட்டிக்கடை அலாதீனோ, விடிந்தும் விடியாத நேரத்தில், தன் கொல்லைக்குப் போனவர் திரும்பவில்லை. பலகை உளுத்திருந்தது. ஊரே சேர்ந்து கயிறு போட்டு இழுத்தபோது அவர் உயிரோடு இல்லை. அதன்பிறகு சுகாதார அலுவலகம் எல்லாக் கருங்குழிகளையும் கல்லும் மண்ணும் போட்டு மூடச் சொன்னது. கழிவுநீர்க் குழாய் பெரிய தெருவில் மட்டும் வந்து அதோடு நின்றுபோயிருந்தது. கல் ஏற்றிய லாரி வரும் என்றார்கள், வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, மூடியாயிற்று என்று ஊரார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றைக்கூட மூடவில்லை. பலகையை மட்டும் மாற்றினார்கள்.

"வியாழக்கிழமை அந்த ஆபீசுலேர்ந்து ஆள் வர்றாரு" என்றாள் நோல்பா. "ஒரு குழி கண்ணுல பட்டாலும் அந்த வீட்டுக்குப் பூட்டு. மண்டபத்துக்கும் பூட்டு. அன்னைக்குன்னு பார்த்து நீங்க மைக் பிடிச்சு கருங்குழி கிடையாதுங்கறீங்க. அதுவும் ஒரு டாக்டர்."

"நான் அந்த டாக்டர் இல்லையே."

"அது அவருக்கு எதுக்கு?"

"என்னால முடியாது தோன்யா. இது விஞ்ஞானம். ஊரை ஏமாத்தறதுக்கு நான் துணை போக மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனார். அவள் பின்னாலிருந்து, சாவகாசமாக, "சந்தியாகோவுலேர்ந்து உங்களைப் பார்க்க யாரோ ஒரு அம்மா வர்றாங்களாமே. மண்டபத்துல எத்தனை பேர் இருந்தா அவங்களுக்குப் போதும்?" என்றாள்.

டாக்டர் வாசலில் நின்றுவிட்டார்.

அனிசேத்தோ கெட்டவர் அல்ல, தோற்றவர். இளைஞராக இருந்தபோது அவருடைய கட்சிக்கு ஐந்தாறு பேராவது இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிறகு கருந்துளையின் முதல் படம் என்று ஒன்று வெளியாயிற்று: கருமையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக ஒரு வளையம். உலகத்துப் பத்திரிகையெல்லாம் அதைப் போட்டன. அன்று மலைமேல் உணவறையில், அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில், ஆரஞ்சுப் பாகு பூசிய வளைய கேக் ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கரண்டி எடுத்து, நடுவில் இருந்த துளையைத் தவிர, முழுவதையும் தின்று தீர்த்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஆய்வு வேலை தரவில்லை. கீழே உள்ள ஊர்களில் மக்களுக்கு விளக்கவுரை நிகழ்த்தச் சொன்னார்கள். இப்போது அதுவும் தேவையா என்று பார்க்கத்தான் தலைநகர் சந்தியாகோவிலிருந்து டாக்டர் லியோந்தினா வருகிறாள். அந்தப் படத்தை எடுத்த குழுவில் இருந்தவள். மண்டபம் காலியாக இருந்தால் குளிர்காலத்தோடு அவர் அறையைக் காலிசெய்ய வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை, அறுபத்தொரு வயதில், இருப்பதை இல்லை என்று சொல்லும் ஆளுக்கு வேறு யாரும் வேலை தரப்போவதில்லை. அந்த அறையும் ஓர் அடுப்பும் ஜன்னல் வழியே தெரிகிற வானமும்தான் அவருடைய சொத்து.

"நிக்கக்கூட இடமில்லாம நிரப்பிடறேன் கண்ணு" என்றாள் நோல்பா. "நீங்க உங்க துளையைப் பத்திப் பேசுங்க. நாங்க எங்க குழியைப் பத்திக் கேட்டுக்கறோம். யாரும் பொய் சொல்லலையே."

அவர் படியிறங்காமல் நின்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் ரொட்டியைத் திரும்பவும் தேநீரில் நனைத்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. குறைந்தது சுவரொட்டியையாவது சரியாக வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த எண்ணத்தால்தான் வினை வந்தது.

மதியம் மைக்கூட்டோடு போய், ஒவ்வொரு சுவரொட்டியிலும் குழியை அடித்துத் துளை என்று எழுதினார். அப்படியும் மனசு கேட்கவில்லை. யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது என்று அடியில் ஒரு வரி சேர்த்தார்: "இது உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் குழியைப் பற்றியது அல்ல."

ரொட்டிக்கடைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தபோது செலிந்தா வெளியே வந்து நின்றாள். அலாதீனோவின் மனைவி. இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். கையெல்லாம் மாவு.

"முடிச்சிட்டீங்களா டாக்டர்?"

"முடிச்சிட்டேன் செலிந்தா. ஒரு சின்னத் திருத்தம்."

அவள் அந்த வரியை நிதானமாகப் படித்தாள். "நானும் வரலாமா?"

"தாராளமா. அது... உங்களுக்கு அவ்வளவு சுவாரசியமா இருக்காது. எல்லாம் கணக்கு."

"எனக்குக் கணக்கு வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் கொதித்துப்போயிற்று. நோல்பா மூச்சிரைக்க மலைப்பாதையில் ஏறி வந்து அவர் அறைக்கதவைத் தட்டினாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க கண்ணு? கொல்லையில இருக்கும் குழியாம். இருக்குன்னு யாரு சொன்னா? நாங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். நீங்க தெருத்தெருவா இருக்குன்னு எழுதி வச்சிட்டீங்க."

"நான் அந்த அர்த்தத்துல எழுதல..."

"எந்த அர்த்தத்துல எழுதினாலும் படிக்கறவன் ஆபீஸ்காரன்."

அனிசேத்தோ மறுபடி மைக்கூட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். "இருக்கும்" என்பதை அடித்து "இல்லாத" என்று ஆக்கினார். இப்போது சுவரொட்டி சொன்னது: இது உங்கள் வீட்டுக் கொல்லையில் இல்லாத குழியைப் பற்றியது அல்ல. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் திருத்திவிட்டு, கடைசிச் சுவரொட்டியின் முன்னால் நின்று அதைப் படித்தார். நாற்பது வருஷம் கணிதம் படித்தவருக்கே அதன் பொருள் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற முடிதிருத்துகிறவர், "அப்போ எங்க கொல்லையில இருக்கிற குழியைப் பத்தித்தானே பேசப் போறீங்க?" என்று கவலையோடு கேட்டார்.

மறுநாள் காலை எல்லாச் சுவரொட்டிகளும் கிழிக்கப்பட்டு, புதியவை ஒட்டப்பட்டிருந்தன. பெரிய சிவப்பு எழுத்து. "சாந்தா ரெமீஹியாவில் கருங்குழி இல்லை. விஞ்ஞானி உறுதி." அடியில் அவருடைய முழுப்பெயர், பட்டங்களோடு. எம்பனாதா உண்டு.

அவர் மைக்கூட்டை மூடி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விட்டார். காவலாள் ஓர்தென்சியோ நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இடது காது கேட்காது. வலது காது ஆளைப் பார்த்துத்தான் கேட்கும்.

"ஓர்தென்சியோ, எழுதறதுக்குக் கரும்பலகை வேணுமே."

"என்ன?"

"பலகை. கறுப்பா இருக்கணும். பெரிசா."

"கறுப்புப் பலகையா?" ஓர்தென்சியோ யோசித்தார். "ஒண்ணுதான் இருக்கு. கனமா இருக்கும்."

"பரவாயில்ல, கொண்டாங்க."

"தோன்யா திட்டுவாங்க."

"நான் சொல்லிக்கறேன்."

ஓர்தென்சியோ பின்பக்கம் போய், அரைமணி நேரம் கழித்து, முனகிக்கொண்டே ஒரு தடித்த பலகையை இழுத்து வந்தார். ஒரு பக்கம் தார் பூசியிருந்தது. இரண்டு ஓரத்திலும் இரும்பு வளையங்கள். லேசாக ஒரு நாற்றம் அடித்தது. ஆனால் சுண்ணக்கட்டி அதில் அருமையாக எழுதியது. அனிசேத்தோவுக்கு நல்ல பலகையில் எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. நெஞ்சு நிறைந்து, மேலிருந்து கீழ்வரை தன் சமன்பாடுகளை எழுதி முடித்தார்.

நோல்பா அந்த நேரத்தில் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு விரிக்கிற பச்சை பிளாஸ்டிக் புல்விரிப்பு சங்கத்திடம் ஒரு சுருள் இருந்தது. அதை வெட்டி வெட்டி எல்லார் வீட்டுக் குழிப்பலகைமேலும் விரித்துவிட்டாள். மண்டபத்துக் கொல்லைக்கு மட்டும் வேலைக்காரி ஒருத்தியை அனுப்பினாள். அவள் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே விரித்துவிட்டு, சுற்றிலும் ஜெரேனியப் பூத்தொட்டி வைத்துவிட்டு வந்தாள். மண்டபத்தின் உள்ளே இருந்த கக்கூஸ் கதவில் வருஷக்கணக்காக "பழுது" என்று தொங்கிக்கொண்டிருந்தது.

லியோந்தினாவை எதிர்பார்த்து, நாலு மணி பேருந்துக்கு அனிசேத்தோ நிறுத்தத்தில் போய் நின்றார். தலையை வாரி, தன்னிடம் இருந்த ஒரே கோட்டு அணிந்திருந்தார். பேருந்திலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். இருவர் ஊர்க்காரர்கள். மூன்றாமவர் பளபளக்கும் காலணியும் கைப்பையுமாக ஒரு சின்ன மனிதர்.

"டாக்டர் லியோந்தினாவோட வந்தீங்களா?" என்று கேட்டார் அனிசேத்தோ.

"நான் யாரோடயும் வரல. நான் பல்தசார், சுகாதார ஆபீஸ். திரும்ப பஸ் ஏழு மணிக்கு. அதை விட்டா நாளைக்குத்தான்." அவர் புழுதி படிந்த தன் காலணியை வருத்தத்தோடு பார்த்தார். "நீங்கதான் உறுதி சொன்ன விஞ்ஞானியா?"

"அது வந்து..."

"நல்லதாப் போச்சு. கொல்லை கொல்லையா நடக்க வேண்டாம்."

அவரோடு மண்டபத்துக்குத் திரும்பியபோது தேவாலயத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் நின்றது. அது யாருடையதென்று அனிசேத்தோ யோசிக்கவில்லை. அவர் மனம் முழுக்க வராதவளிடம் இருந்தது. வரமாட்டாள். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. கேக்கில்கூட ஒரு மரியாதை இருந்தது. அதை வாங்கி வைக்க யாரோ சிரமப்பட்டிருந்தார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நோல்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டுகூட ஆட்கள் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி. அதில் "டாக்டர் லியோந்தினா" என்று அவரே எழுதி வைத்த அட்டை.

"வாங்க கண்ணு" என்று நோல்பா பல்தசாரை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனாள். "இதுதான் எங்க கொல்லை. பாருங்க, புல் போட்டிருக்கோம். பூ வச்சிருக்கோம்."

பல்தசார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வருஷத்தில் இரண்டு தூறல் விழுந்தால் அதிகம் என்கிற ஊரில், நடுக்கொல்லையில் மட்டும் பச்சைப்பசேல் என்று ஒரு சதுரம்.

"நடுவுல ஏன் கொஞ்சம் பள்ளமா இருக்கு?"

"தண்ணி நிறைய ஊத்தறோம்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அனிசேத்தோ காலி நாற்காலியைப் பார்த்தபடி தொடங்கினார். தொடக்கத்தில் குரல் எழும்பவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் அவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வாழ்நாளில் யாரும் அவர் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவர்கள் வீடு தொங்கிக்கொண்டிருந்தது; அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மகிழ்ச்சியாக இருந்தது. மனுஷன் அவ்வளவு காய்ந்துபோயிருந்தார்.

"படம் எடுத்தோம்ங்கறாங்க. நல்லாப் பாருங்க. அது எதோட படம்? சுத்தி இருக்கற வெளிச்சத்தோட படம். நடுவுல ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலைங்கறதையே இருக்குங்கறதுக்குச் சாட்சியா சொல்றாங்க."

"அதானே" என்றார் முடிதிருத்துகிறவர், மனமார.

"அதுக்கு உள்ளே ஒரு பொருள் விழுதுன்னு வச்சுக்கங்க. வெளியில நின்னு பார்க்கற நமக்கு அது எப்படித் தெரியும்? மெதுவாகும். இன்னும் மெதுவாகும். விளிம்புகிட்ட போய் அப்படியே உறைஞ்சு நின்னுடும். நம்ம கணக்குப்படி அது உள்ளே போய்ச் சேர்றதே இல்ல. எதுவுமே உள்ளே போய்ச் சேரலைன்னா, உள்ளேன்னு ஒண்ணு எப்படி இருக்கும்?"

கைதட்டல் எழுந்தது. எங்கோ பின்பக்கம் ஏதோ மெல்ல இடிபடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் காலால் தரையைத் தட்டிப் பாராட்டுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நோல்பாவுக்குப் பின்பக்கத்துச் சத்தம் எதுவுமே பிடிக்கவில்லை. மைக்கின் ஒலியை முழுக்கக் கூட்டிவிடும்படி கைகாட்டினாள்.

"ஒரு கேள்வி" என்றார் பல்தசார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "வாசனை ஏதும் வருமா?"

"எதுவும் வராது. ஒளியே வராதுன்னா வாசனை எங்கேர்ந்து வரும்?"

"ஆனா இங்க லேசா வருதே."

"அது பலகை" என்றார் அனிசேத்தோ.

அப்போது நடுவரிசையில் செலிந்தா எழுந்தாள். கறுப்பு உடை, கையில் மாவு இல்லை. நோல்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். விழறவரு விளிம்புலயே நிப்பாருன்னு சொன்னீங்க."

"அது... வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு."

"நான் வெளியிலதான் இருந்தேன். அன்னைக்குக் காலையில நான்தான் முதல்ல போய்ப் பார்த்தேன். விளிம்புல யாரும் நிக்கல. ஒரு செருப்பு இருந்துச்சு."

அனிசேத்தோ சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். இது அந்தக் குழி அல்ல, செலிந்தா; உங்கள் புருஷன் விழுந்தது நிஜம்; இவர்கள் எல்லார் வீட்டிலும் அது இன்னமும் இருக்கிறது, மேலே புல் விரித்திருக்கிறது என்று சொல்வதற்கு அதுதான் நேரம். வாய்வரை வந்தது. காலி நாற்காலி கண்ணில் பட்டது. லியோந்தினா இனிமேல் வந்தாலும் வரலாம். மண்டபம் நிறைந்திருக்கிறது.

"நான் சொல்றது வானத்துல இருக்கற..." என்று இழுத்தார்.

"சரி, விழறவருக்கு எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க. அவரு கணக்குல."

"அவரு கணக்குல..." பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "அவரு கணக்குல சீக்கிரம் முடிஞ்சிடும் செலிந்தா. ஒரு நொடி. அவரு உள்ளே போயிடுவாரு."

"அப்போ உள்ளேன்னு ஒண்ணு இருக்கு."

"அவருக்கு இருக்கலாம். ஆனா அவரால அதை நமக்குச் சொல்ல முடியாது. அதுதான் விஷயம்." மேலே என்ன சொல்வது என்று தெரியாமல், முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டார். "இருக்கா இல்லையான்னு சொல்ல அருகதை உள்ளவர் ஒருத்தர்தான், உள்ளே விழுந்தவர். விழுந்தவர் சொல்றது வெளியில ஒருநாளும் வந்து சேராது. உள்ளேர்ந்து ஒரு குரல் வந்து, இருக்குன்னு சொல்ற வரைக்கும், நான் இல்லைன்னுதான் சொல்வேன். யாராவது விழுந்து பார்த்துட்டுச் சொல்லட்டும், அன்னைக்கு நான் ஒத்துக்கறேன்."

"எங்க வீட்டுக்காரரு நல்லாக் கத்திப் பேசுவாரு" என்று மட்டும் சொன்னாள் செலிந்தா. உட்கார்ந்துவிட்டாள்.

பல்தசார் பேனாவை மூடினார். "எனக்குத் திருப்தி. ஊர்ல கருங்குழி கிடையாது. டாக்டரே சொல்லிட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மண்டபம் ஒரே மூச்சாக எழுந்து கைதட்டியது. நோல்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிதிருத்துகிறவர் ஓடிவந்து அனிசேத்தோவைக் கட்டிக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஓர் ஊர் முழுவதும் அவர் கட்சிக்கு வந்திருந்தது. அவர் செலிந்தாவின் பக்கம் திரும்பவில்லை. பலகையில் சாய்ந்து, அதன் இரும்பு வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓர்தென்சியோ, எம்பனாதா எங்கய்யா?" என்று நோல்பா கூவினாள். "ஆபீசருக்குப் பஸ் இருக்கு, சூடா ரெண்டு கட்டிக் குடுங்க."

எம்பனாதா கொல்லையில் இருந்த மண் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. ஓர்தென்சியோ பின்கதவைத் திறந்துகொண்டு போனார். போனவர் வரவில்லை. ஏழு மணிப் பேருந்து சதுக்கத்தில் ஒலியெழுப்பியது. பல்தசார் கைப்பையோடு எழுந்து நின்றார்.

பின்கதவு திறந்தது. ஓர்தென்சியோவின் ஒரு கையில் எம்பனாதா தட்டு இருந்தது. மறு கையில் ஒரு பெண்ணின் செருப்பு. நல்ல தோல் செருப்பு. அந்த ஊரில் யாரும் போடாதது.

முதலில் எழுந்தவள் செலிந்தாதான். நாற்காலி சரிந்து விழுந்தது.

"டாக்டர்" என்றார் ஓர்தென்சியோ. காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் மண்டபம் அதிரும் குரல். "நீங்க பேச ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால, வெள்ளைக் கார்ல வந்த ஒரு அம்மா உள்ள வந்தாங்க. கக்கூஸ் எங்கன்னு கேட்டாங்க. உள்ள பழுது, கொல்லையில போங்கன்னு கை காட்டினேன். குழி மூடியை உங்களுக்கு எழுதக் குடுத்தது எனக்கு மறந்துபோச்சு."

அனிசேத்தோ தன் கையில் இருந்த இரும்பு வளையத்தைப் பார்த்தார்.

"கயிறு வேணும். இடுப்பு வரைக்கும்தான் இருக்கு, உசிரோடதான் இருக்காங்க. நீங்க மைக்ல பேசினது முழுக்கக் கீழ கேட்டுச்சாம். பேரு லியோந்தினாவாம்." ஓர்தென்சியோ தட்டை மெல்ல மேசைமேல் வைத்தார். "உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க டாக்டர். இருக்குதாம்."